"கொஞ்சம் சும்மா இரேன்" என்றான் மகன்

கேள்வி:

எனக்கு 63 வயது, கணவருக்கு 68. ஒரே மகன், வேலை வெளியூரில். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவான். இந்த முறை மருமகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவனும் ஆறு வயதுப் பேத்தியும் மட்டும் வந்து 16 நாள் இருந்தார்கள். நன்றாகத்தான் போனது. கடைசி நாள்தான் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. இரவு பத்தரைக்கு வண்டி. காலையிலேயே பெட்டி கட்டி முடித்தாயிற்று. அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மகன் கூடத்தில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவர் அவர் பாட்டுக்குக் குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேத்தி திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றாள். நான் மட்டும் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துகொண்டிருந்தேன். சார்ஜர் எடுத்தாயா, குழந்தையின் ஸ்வெட்டர் மேலாக இருக்கிறதா என்று மூன்றாவது தடவை கேட்டபோது, "அம்மா, கொஞ்சம் சும்மா இரேன்" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. ஆனாலும் அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. வண்டி ஏறும்வரை யாருமே சரியாகப் பேசவில்லை. கணவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, பரிசோதனைக்கு வா என்றால் வருவதில்லை. அதை மகனிடம் கடைசி நாளில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. அவர்கள் கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. 15 நாள் சிரித்துப் பேசியது எதுவும் மனதில் நிற்கவில்லை, அந்த ஒரு வார்த்தைதான் நிற்கிறது. எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டதா? நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? அடுத்த முறை கடைசி நாளை எப்படிக் கழிப்பது?

— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகன் சொன்ன வார்த்தை கண்ணில் பட்டது. இரண்டாம் முறை அந்தக் குழாய் பட்டது. குழாய்க்கு அப்புறம் வருகிறேன். நேராகக் கேட்ட கேள்விகளுக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. உங்களுக்கும் மகனுக்கும் நடுவே பேச்சு வற்றிப்போகவும் இல்லை. 15 நாள் சிரித்துப் பேசினோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேச ஒன்றும் இல்லாத வீட்டில் 15 நாள் அப்படிப் போகாது. மூன்றாம் நாளே டிவியின் சத்தம் கூடியிருக்கும்.

குடும்ப நல ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். பிள்ளைகள் வந்துவிட்டுப் போன மறுவாரம் என் அறைக்கு வந்து உட்காரும் பெற்றோரைப் பார்க்கிறேன். வந்து இறங்கிய நாளைப் பற்றி அவர்கள் அதிகம் சொல்வதில்லை. நடுவில் கழிந்த நல்ல நாட்களையும் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்காமலே வருவது கடைசி நாள்தான். அவன் ஏன் அப்படிப் பார்த்தான், அவள் ஏன் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள் என்று.

அந்த ஒரு வார்த்தை மட்டும் ஏன் நிற்கிறது என்று யோசித்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். மனம் வேலை செய்கிற விதமே பாதிக்குப் பாதி அப்படித்தான். 1993-இல் டேனியல் கானமன், பார்பரா ஃப்ரெட்ரிக்ஸன் முதலான உளவியலாளர்கள் 32 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை கையை 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 நொடி வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 நொடி, அதோடு கூட 30 நொடி. அந்த 30 நொடியில் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதும் கை வலிக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக. பிறகு, இந்த இரண்டில் எதைத் திரும்பச் செய்யச் சம்மதம் என்று கேட்டார்கள். 22 பேர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதலாக அரை நிமிடம் வலி, ஆனால் முடிவு சற்று இதம். நடந்தது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மனம் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. எது உச்சமாக இருந்தது, எப்படி முடிந்தது என்ற இரண்டையும்தான் எடுத்து முடிந்துவைத்துக்கொள்கிறது. உங்கள் 16 நாளின் நுனியில் அந்த வார்த்தை இருந்தது. அதனால் மனம் அதைப் பிடித்துக்கொண்டது.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். கடைசி நாள் கெட்டால் எல்லாம் கெட்டது என்று நீங்கள் பயந்துவிடக் கூடாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் அனுபவங்களுக்குத்தான் அந்த விதி நன்றாகப் பொருந்துகிறது. விடுமுறை போல நாள்கணக்கில் நீளும் ஒன்றுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று 2008-இல் சைமன் கெம்ப் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் கண்டார்கள். மாணவர்களின் விடுமுறையை வைத்துப் பார்த்த ஆய்வு அது. மொத்த விடுமுறையும் எப்படி இருந்தது என்ற நினைப்போடு கூடுதலாக ஒத்துப்போனது முடிவு அல்ல. எந்த ஒரு 24 மணி நேரம் மிகவும் மறக்க முடியாததாக, வழக்கத்துக்கு மாறாக இருந்ததோ, அதன் சந்தோஷம்தான். உங்கள் 16 நாளிலும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். என்னிடம் சொல்ல வேண்டாம். ஒரு தாளை எடுத்து அந்த நாளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பேத்தி என்ன கேட்டாள், மகன் எதற்குச் சிரித்தான், யார் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று சின்னச் சின்னதாக. நல்லதை மட்டும் நினையுங்கள் என்ற உபதேசமாக இதைச் சொல்லவில்லை. ஒன்பது நாளாக நீங்கள் ஒரே ஒரு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். மற்ற நாட்களை ஒரு தடவைகூட ஓட்டவில்லை. ஓட்டாத நினைவு மங்கிவிடும். எழுதி முடித்த பிறகு கணவரிடமும் அவருடைய நாள் எது என்று கேளுங்கள். அநேகமாக வேறு ஒரு நாளைச் சொல்வார், அதுவும் உங்களுக்குக் கிடைத்த மாதிரி ஆகும்.

சரி, அன்றைய மௌனத்துக்கு வருவோம்.

வண்டி இரவு பத்தரைக்கு என்றாலும் கிளம்புதல் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. உடம்பு கூடத்தில் படுத்திருக்கும், மனம் பாதி வழி போயிருக்கும். அமெரிக்கக் கடற்படையினரின் மனைவியரைப் பற்றி 1987-இல் கேத்லீன் வெஸ்டல் லோகன் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. கணவர் மாதக்கணக்கில் கப்பலில் போகும்போது அந்தப் பெண்கள் கடந்துபோகும் ஏழு கட்டங்களை அதில் அவர் வரிசைப்படுத்தினார். இரண்டாவது கட்டம் விலகலும் ஒதுங்கலும். அது கணவர் போன பிறகு வருவதில்லை, போவதற்கு முந்தைய நாட்களிலேயே வந்துவிடுகிறது. பேச்சு குறையும். ஒன்றுமில்லாததற்கு எரிச்சல் வரும். போவதென்றால் போய்விடட்டுமே என்றுகூடத் தோன்றும். பாசம் குறைந்ததால் வருவதல்ல இது. பிரியப்போகிற வலியைத் தாங்குவதற்கு மனம் முன்கூட்டியே கொஞ்சம் தள்ளி நின்று பழகிக்கொள்கிறது. மாதக்கணக்கில் பிரிவதைப் பற்றி எழுதப்பட்டதுதான் அது. ஆனால் 16 நாள் சேர்ந்திருந்து மறுபடியும் ஒரு வருஷம் பிரியப்போகிற வீட்டிலும் அதே விலகல் சின்ன அளவில் நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் மூன்று விதமாகத் தள்ளி நின்றிருக்கிறீர்கள். மகன் போனுக்குள் போனான். கணவர் குழாய்க்குள் போனார். நீங்கள் பெட்டிக்குள் போனீர்கள். குழந்தை மட்டும்தான் தாத்தாவைத் தேடிப் போயிருக்கிறாள்.

உங்கள் இருவருக்கும் அன்று ஓடிய கடிகாரமும் ஒன்றல்ல. லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார்: முன்னால் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்று ஒருவர் உணர்கிறாரோ, அதைப் பொறுத்து அவருக்கு எது முக்கியம் என்பது மாறுகிறது. நிறையக் காலம் இருக்கிறது என்று நினைப்பவர் அடுத்து செய்ய வேண்டியதைப் பார்க்கிறார். குறைவு என்று நினைப்பவர் பக்கத்தில் இருக்கும் மனிதரைப் பார்க்கிறார். உங்கள் மகனுக்கு அன்றைய நாள் அடுத்த நாள் வேலை, குழந்தையின் பள்ளி, வண்டியில் கிடைத்த படுக்கை இவற்றுக்கு முந்தைய நாள். உங்களுக்கு அப்படி இல்லை. வருஷத்துக்கு 16 நாள் என்றால் பத்து வருஷத்துக்கு 160 நாள். அரை வருஷம்கூட இல்லை. இந்தக் கணக்கை எந்தத் தாயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பிள்ளை கிளம்பும் நாளில் போடாத தாயை நான் பார்த்ததில்லை. நீங்கள் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தது அந்தக் கணக்கோடுதான் என்று நினைக்கிறேன். அதை மகன் அறியமாட்டான். அவன் காதில் விழுந்தது சார்ஜர்தான்.

இப்போது அந்த வார்த்தை. உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, அவன் மனதில் இருந்ததை இங்கே உட்கார்ந்துகொண்டு அறுதியிட்டுச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எரிச்சலே இருந்திருக்காது என்றும் சொல்லமாட்டேன். ஒரே கேள்வி மூன்றாவது தடவை வந்தால் யாருக்கும் கொஞ்சம் வரும். ஆனால் அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறீர்கள், அதை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "சும்மா இரு" என்று அவன் சொல்லவில்லை. "கொஞ்சம் சும்மா இரேன்" என்றான். "இரு" என்பது அதட்டல். "இரேன்" என்பது கேட்டுக்கொள்வது. வாயேன், உட்காரேன், சொல்லேன் என்று யாரிடம் சொல்வோம்? உரிமை உள்ளவர்களிடம், அவர்கள் செய்ய மாட்டார்களா என்ற ஏக்கத்தோடு சொல்வோம். சும்மா என்ற சொல்லையும் பாருங்கள். வாயை மூடு என்பதற்கும் அதைச் சொல்கிறோம். ஒரு காரணமும் இல்லாமல் ஒருவரைப் பார்க்கப் போனால் "சும்மாதான் வந்தேன்" என்கிறோம். காலையிலிருந்து நிற்காமல் நடந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து ஒரு மகன் கொஞ்சம் சும்மா இரேன் என்றால், என் பக்கத்தில் வந்து சும்மா உட்காரேன் என்ற பொருளும் அதில் இருக்கலாம். இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இருக்க இடம் இருக்கிறது என்கிறேன். ஒன்பது நாளாக ஒரே பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வேதனைப்பட்டிருக்கிறீர்கள். மற்றதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதை நான் மகள் என்ற இடத்தில் இருந்தும் சொல்கிறேன். என் அம்மா இருந்தவரை ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் என் பையின் ஜிப்பை இழுத்துப் பார்ப்பார். மூடித்தான் இருக்கும். முழுக்கத் திறந்து, உள்ளே இருப்பதைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கி, மறுபடி மூலைவரை இழுத்து மூடுவார். அரை மணி நேரம் கழித்து வந்து மறுபடி அதையே செய்வார். "விடும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன், உங்கள் மகனைவிடக் கடுமையாகவே. சொன்ன அடுத்த நொடி தொண்டை அடைக்கும். அவரைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் அவர் கையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். அவர் இதை அறிந்திருந்தாரா, இல்லை உங்களைப் போல ஒன்பது நாள் மருகினாரா என்று நான் கேட்டதே இல்லை. இன்றும் ஊருக்குக் கிளம்பும்போது என் பையை நானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துத்தான் மூடுகிறேன்.

இனி குழாய். உங்கள் கடிதத்தில் அது ஒரு குறையாகத்தான் வந்திருக்கிறது: "அவர் பாட்டுக்குக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்." அடுத்த வரியிலேயே, ஆறு வயதுக் குழந்தை திருகாணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றாள் என்கிறீர்கள். அம்மா, ஆறு வயதுக் குழந்தை ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது லேசுப்பட்ட காரியமா? அந்த ஒரு மணி நேரத்தில் தாத்தாவும் பேத்தியும் எத்தனை வார்த்தை பேசியிருப்பார்கள்? "அதைக் கொடு", "இதுவா தாத்தா", "இல்லை, சின்னது." அவ்வளவுதான் இருக்கும். அந்தப் பிஞ்சுக் கையில் ஈரமான திருகாணிகள். ஒன்றைக்கூடக் கீழே போடக் கூடாது என்ற கவனம். அன்று வீட்டில் நடந்தவற்றுள் மிக நல்ல விடைபெறுதல் அதுதான் என்பது என் எண்ணம்.

மௌனம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நான்கு நொடி யாரும் பேசாமல் போனாலே, தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்ற உணர்வு வரக்கூடும் என்று நெதர்லாந்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நான்கே நொடி. எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு யார் பேசுவது என்று காத்திருக்கும் மௌனம் அப்படிப்பட்டது. இன்னொரு மௌனம் இருக்கிறது. 2014-இல் எரிகா பூத்பி முதலான ஆய்வாளர்கள் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே சாக்லெட்டைச் சுவைக்கச் சொன்னார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவரும் அதையே அதே நேரத்தில் சுவைக்கிறார் என்று தெரிந்தபோது, அவர் வேறு எதையோ செய்துகொண்டிருந்தபோது இருந்ததைவிட, அதே சாக்லெட் கூடுதலாகப் பிடித்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றையே சேர்ந்து செய்தார்கள், அது போதுமாக இருந்தது. உங்கள் வீட்டில் அன்று இரண்டு மௌனமும் இருந்திருக்கின்றன. கூடத்தில் இருந்தது முதல் வகை, குளியலறையில் இருந்தது இரண்டாவது வகை. நீங்களும் மகனும் கூடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்.

அதனால் அடுத்த முறை கடைசி நாளை எப்படிக் கழிப்பது என்ற கேள்விக்கு என் முக்கியமான பதில் இதுதான்: பேச்சால் நிரப்பப் பார்க்காதீர்கள். வெளியே எங்காவது எல்லாரும் போகலாம் என்று அவசரத் திட்டமும் வேண்டாம்; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போகிற பயணம் யாருக்கும் இனிக்காது. இரண்டு பேர் கை படுகிற மாதிரி ஒரு சின்ன வேலையை அந்த நாளுக்கென்று எடுத்து வையுங்கள். பழைய புகைப்படங்களைப் பிரித்து உறையில் போடுவது, கதவின் ஆடும் தாழ்ப்பாளைச் சரிசெய்வது, அலமாரியின் மேல் தட்டை ஒழிப்பது, எதுவானாலும் சரி. மகனைக் கூப்பிட்டு, "இதைப் பிடி" என்று மட்டும் சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது மனிதர்கள் சர்வசாதாரணமாகப் பேசிவிடுகிறார்கள். பேசாவிட்டாலும் நஷ்டம் இல்லை.

பெட்டியை முந்தைய நாள் மாலையே கட்டி, கண்ணில் படாத அறையில் வைத்துவிடச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் பெட்டி வீட்டில் எல்லாரையும் ஆட்டிவைக்கும். எடுக்க வேண்டியவற்றை மகனே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். அது அவன் வேலை. சார்ஜரை மறந்தால் வேறு வாங்கிக்கொள்வான்.

சொல்ல வேண்டியதை வாசல்படியில் சொல்லக் காத்திருக்காதீர்கள். வாசலில் எல்லாருக்கும் தொண்டை அடைக்கும், வண்டிக்கு நேரமாகிவிடும், யாராவது ஒருவர் கைப்பையைத் தேடுவார். மதியம், வீடு அமைதியாக இருக்கும்போது, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரே வாக்கியம் போதும். "நீ வந்து இருந்தது எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது." இதோடு நிறுத்திவிடுங்கள். "நீ போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும்" என்றும் தோன்றும், அதுவும் உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தை அவனால் எங்கேயும் இறக்கி வைக்க முடியாது. வண்டி முழுக்கத் தூக்கிக்கொண்டு போவான். முதல் வாக்கியத்தை மடியில் வைத்துக்கொள்வான்.

குழந்தையிடம் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும், நாளை ராத்திரி கிளம்புகிறாய் என்று. அழுதால் அழட்டும், அழாதே என்று சொல்லாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வந்துவிடுவாய் என்று சமாதானத்துக்குச் சொல்ல வேண்டாம். அவளுக்குச் சீக்கிரம் என்றால் நாளை மறுநாள். "ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னோடு போனில் பேசுவேன்" என்பது போல நிச்சயமாக நடக்கப்போகிற ஒன்றைச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அதைத் தவறவிடக் கூடாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு நான் மாறுபடுகிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். கணவரின் காது விஷயத்தைக் கடைசி நாளுக்கென்று வைத்திருந்தீர்கள். ஏன் வைத்தீர்கள் என்று புரிகிறது. 15 நாள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் கனமான விஷயத்துக்குக் கடைசி நாள்தான் இருப்பதிலேயே மோசமான நாள். கேட்டவனுக்கு யோசிக்கவும் நேரம் இருக்காது, கூட வந்து ஒரு டாக்டரைப் பார்க்கவும் நேரம் இருக்காது. கவலையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சொல்லாமல் அடக்கிவைத்த நீங்களும் அன்று முழுக்க அந்தச் சுமையோடுதான் நடந்திருக்கிறீர்கள். காலையிலிருந்து உங்களை உட்கார விடாதது அதுவாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவற்றை வந்த நாலைந்து நாளுக்குள் சொல்லிவிடுங்கள். முடிவு எடுக்கவும், எடுத்த முடிவோடு சேர்ந்து சிரிக்கவும் நாள் மிச்சம் இருக்கும்.

இந்த முறை தவறிவிட்டது, பரவாயில்லை. இந்த வாரமே போனில் சொல்லுங்கள். அழுகையோடும் அந்தக் கடைசி நாளோடும் கலக்காமல் தனியாகச் சொல்லுங்கள்: அப்பாவுக்குக் காது கேட்பது குறைந்திருக்கிறது, பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார், நீ ஒரு வார்த்தை சொல் என்று. தாமதிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வயதாவதால் வரும் செவிக்குறைவில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். குழந்தைகளின் குரல் அதில் சேர்த்தி. பல பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் எதுவும் பிடிபடாது. ஒவ்வொன்றுக்கும் "என்ன, என்ன" என்று கேட்கக் கூச்சப்பட்டு அப்படிப்பட்டவர்கள் மெல்ல எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உங்கள் கணவர் குழாயிடம் போனது அதனாலும் இருக்கலாம். அந்தச் சின்னக் குளியலறையில், ஒரே ஒருத்தி காதருகே நின்று பேசியபோது அவருக்குக் கேட்டிருக்கும். பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தம் கேட்கும்போது பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். சில சமயம் காதில் அழுக்கு அடைத்திருந்தால்கூட இப்படி ஆகும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பேத்தி போனில் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்லி வராதவர் அதற்கு வரலாம்.

அந்த வார்த்தையைப் பற்றி மகனிடம் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் வழக்காக வேண்டாம். "அன்றைக்கு நீ ஏன் அப்படிச் சொன்னாய்" என்று தொடங்கினால் அவன் தன் பக்கத்து நியாயத்தைத் தேட ஆரம்பிப்பான். "அன்றைக்கு நான் ரொம்பப் படுத்திவிட்டேன் இல்லையா, நீ போவதை நினைத்து எனக்குக் கை கால் நிற்கவில்லை" என்று உங்களிடமிருந்து தொடங்குங்கள். அவன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள். ஒன்றும் சொல்லாமல் சிரித்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாள் மனம் கனத்திருப்பது இயல்புதான். நாள் போகப்போக லேசாக வேண்டும். லேசாகாமல் பெரும்பாலான நேரம் மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமோ பசியோ கெடுதல் என்று இரண்டு வாரத்தைத் தாண்டிப் போனால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கணவரின் காதுக்குப் போகும் அதே நாளில் நீங்களும் காட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இன்னொன்று. அந்தக் குழாயைக் கணவர் முழுக்க மாட்டி முடித்தாரா, இல்லை வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் விட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த தடவை பேத்தி போனில் வரும்போது அது இப்போது ஒழுகுகிறதா இல்லையா என்று முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் திருகாணிகளைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள், அவளுக்குத் தெரிய வேண்டாமா?